நாலு மணிக்குள் பளபளப்பு

என் புருஷன் இனிகோவுக்கு இடது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இருக்கிற டிரைவர் வேலை போனால் வேறு யாரும் அவர் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பைத்தியக்காரி மாதிரி ஆடினேன்.

எழுபத்து நாலாம் வருஷம், வைகாசி மாசம். முதலாளிக்கு உப்பளம். சுத்த சைவக் குடும்பம். அவருடைய கறுப்பு அம்பாசிடர் பத்து வருஷமாக உப்புக் காற்றில் நின்று வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. திங்கட்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை வந்த சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் காரைத் தடவிப் பார்த்து, "சுண்ணாம்பு அடிச்சிருக்கேளோ?" என்று கேட்டுவிட்டார். அவர் போனதும் முதலாளி இவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு மாப்பிள்ளை ரயில்ல வாரார். நேரே ஸ்டேஷனுக்குக் காரைக் கொண்டு வந்துரு. முகம் பார்க்குத மாதிரி இருக்கணும். இல்லன்னா நாளையோட வேற டிரைவரைப் பார்த்துக்கிடுதேன்."

காலையில் கார், மீன்பிடிக் கரையான திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மோட்டார் சாமான் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"ஏளா, மண்ணெண்ணெய் இருக்கா?" என்றார்.

ரேஷனில் மூன்று மணி நேரம் நின்று வாங்கியது. தூக்கிக் கொடுத்தேன். துணியில் நனைத்துத் தேய்த்ததும் பானெட் கன்னங்கரேலென்று மின்னியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தே நிமிஷம். மண்ணெண்ணெய் காய்ந்தது, பழைய சாம்பல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி தேய்த்தோம், மறுபடி காய்ந்தது. பாட்டில் காலியானபோது இவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. கறி வைக்க வைத்திருந்த கள்ளுக்காடியை, அந்தப் புளித்த கள்ளை, ஊற்றித் தேய்த்தேன். உப்புக் கறை போனது, மினுக்கம் வரவில்லை. பல்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். துணியெல்லாம் கறுப்பு. அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தினேன். கதவு ஓரத்தில் தகரம் பல்லை இளித்தபோதுதான் வருவது பெயிண்ட் என்று தெரிந்தது.

"போதும் ஹில்டா, விட்டுரு. என் தலையெழுத்து," என்றார்.

"தலையெழுத்தை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க அந்த இடத்துல அடுப்புக்கரியைத் தடவுங்க," என்று கத்தினேன். அவர் மேல் கோபமில்லை. பயம்தான் கோபமாக வந்தது.

மணி இரண்டு. தேங்காய் எண்ணெய் பூசலாம் என்றால் அரைக் கிண்ணம்தான் இருந்தது. அப்போதுதான் என் அண்ணன் பாஸ்கலின் மீன்பிடி வள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை உப்புத் தண்ணீர் பட்டாலும் பலகை வெளுக்காமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்களே! கரைக்கு ஓடினேன். அண்ணன் ஒரு டின் நிறையக் கொடுத்தான். "காருக்கா? ஒரு வருஷத்துக்கு அசையாதுளா," என்றான்.

அசையவில்லை. மெல்லிசாகப் பூசித் துடைத்தோம். காயவில்லை, வெளுக்கவில்லை. மூன்றரை மணிக்குக் காரின் பக்கவாட்டில் என் முகம் தெரிந்தது, வேர்வையும் கரியுமாக. நான் சிரித்துவிட்டேன். மாதாவே, என்று கும்பிட்டேன். தெருவே கூடி நின்று பார்த்தது. இவர் வழக்கம்போலச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். மீன் தின்ற கையோடு பத்து வருஷத்தில் ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அத்தனை கவனம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆறு மணிக்கு நடந்து வந்தார்.

"கார் எங்க?" என்றேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரயில் அரை மணி லேட்டு. கார் வெயில்ல நின்னுச்சு. தகரம் கொதிக்குது. முதலாளி வந்தார், கிட்ட வராமலே மூக்கைப் பொத்தினார். ஈ மொய்க்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல. மாப்பிள்ளையோட அம்மா கதவுகிட்ட வந்தாங்க. வந்த இடத்துலேயே வாந்தி எடுத்துட்டாங்க, ஹில்டா. கல்யாணத்துக்கு வந்த அம்மா."

"முதலாளி என்ன சொன்னார்?"

"கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துட்டேன். எல்லாரும் குதிரை வண்டியில போயிட்டாங்க."

நல்ல கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு, என்னைத் தேற்றுகிற மாதிரி, "ஆனா நல்லா மின்னுச்சுளா. ஸ்டேஷனே பார்த்துச்சு," என்றார்.

இந்த யோசனை என்னுடையது. சுறா எண்ணெய் என்று டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான். அவரை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போனேன். இரண்டு கையையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்தேன். திரும்பத் திரும்ப முகர்ந்தேன்.

எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.