கறுப்புக் கொண்டைக்கடலை

சமையலறை மேசையில் வைதேகி டப்பாவைக் கவிழ்த்தாள். மூன்று கொண்டைக்கடலைகள் உருண்டன. இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு.

"ஸாரிம்மா சாரு" என்றாள் வைதேகி. "ஒரு கறுப்பு விழுந்தாலும் நோதான். யார் போட்டதுன்னு கேக்கறதில்ல. இந்த வீட்டு ரூல் அப்படி."

கதவோரம் நின்ற சாருலதா தலையாட்டினாள். பத்து நாளாகக் கூடத்துத் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தவள். நாளை அவள் வெளியேற வேண்டும். ஜெர்மனியின் இந்த டார்ம்ஸ்டாட் நகரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. வீட்டு முகவரி இல்லையென்றால் நகராட்சிப் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் விசா நீட்டிப்பும் இல்லை. மேசையைச் சுற்றி இருந்த மூவருக்கும் அது தெரியும்.

தமிழ்நாட்டின் பேர்பெற்ற பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு இங்கே வரும் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வரும் வீடு இது. பெயர், அக்கா வீடு. எதிரே ஜெர்மன் மாணவர் சங்கம் ஒன்றின் பழைய மாளிகை இருக்கிறது. கொடி, வண்ணத் தொப்பி, மார்பில் குறுக்கே பட்டை, படிப்பு முடிந்ததும் மூத்த உறுப்பினர்களின் சிபாரிசில் வேலை. அதைப் பார்த்து முதல் அக்காக்கள் 'நமக்கும் ஒன்று வேண்டும்' என்று தொடங்கியதுதான். இங்கேயும் சிபாரிசு உண்டு, வாட்ஸ்அப் குழு உண்டு, வந்தவளைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போடும் கடலை ஓட்டும் உண்டு. சங்கச் சடங்காக வாள்வீசிக் கன்னத்தைக் கிழித்துக்கொள்ளும் அந்தப் பையன்களைக் காட்டுமிராண்டிகள் என்பாள் வைதேகி. இந்த வீட்டில் ரத்தமெல்லாம் சிந்துவதில்லை. கொண்டைக்கடலையே போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள்வரை சாருலதாவை எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அன்று சாப்பிடும்போது வீட்டின் இன்னொருத்தியான வசுந்தரா பேச்சுவாக்கில், "எந்த ஸ்காலர்ஷிப்ல வந்த?" என்று கேட்டாள்.

"ஆதிதிராவிடர் நலத்துறைதாங்க்கா. கெவர்மெண்ட் குடுக்குதே, அது" என்றாள் சாருலதா, ரசத்தைப் பிசைந்துகொண்டே.

யாரும் முகம் சுளிக்கவில்லை. படித்த பெண்கள், முகம் சுளிப்பார்களா? மறுநாள் எவர்சில்வர் தம்ளர்கள் மட்டும் அலமாரியிலிருந்து வைதேகியின் அறைக்குக் குடிபெயர்ந்தன. சாருலதாவுக்கென்று ஒரு நீலக் கோப்பை வந்தது. "கெஸ்ட் கப்மா. ஹைஜீனுக்காக" என்றாள் வைதேகி, மிகவும் அன்பாக.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தவள் மூன்றாமவள், தேஜஸ்வினி. அவளும் அதே உதவித்தொகையில் வந்தவள். இரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பாவுக்கு என்ன வேலை என்றபோது "ரெவின்யூ டிபார்ட்மெண்ட்" என்றாள். அவர் கிராம உதவியாளர். இவர்கள் தாசில்தார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. அன்று முதல் அம்மாவோடு பேச வேண்டுமென்றால் பூங்காவுக்குப் போய்விடுவாள். பனி பெய்தாலும் பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசுவாள். பிறந்தநாளுக்கு மூன்று கேக் வெட்டுகிற வீட்டில் அவளைப்போலத் தனியாக இருந்தவள் வேறு யாருமில்லை.

சாருலதாவோ வந்த அன்றே சமையலறையில் ஸ்பீக்கரைப் போட்டு, "எம்மா, கோழிக்குத் தீனி வச்சியா?" என்று கத்தியவள். தேஜஸ்வினிக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தன் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி, எப்படியாவது கண்டுபிடித்துவிட்டால்? பத்து நாளும் அவளோடு பேசாமல் ஒதுங்கியே இருந்தாள். ஓட்டுப் போடும்போது இரண்டு கடலையும் உள்ளங்கையில் வியர்த்தன. கடைசியில் வெள்ளையைத்தான் போட்டாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கறேன்" என்றாள் சாருலதா.

வசுந்தராவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, நான் வெள்ளைதான் போட்டேன்பா. ப்ராமிஸ்."

"நானும்தான்" என்றாள் வைதேகி, கொஞ்சமும் தயங்காமல்.

இருவரும் தேஜஸ்வினியைப் பார்த்தார்கள். ஆக, போட்டவர்கள் எல்லோரும் வெள்ளை, விழுந்ததில் ஒன்று கறுப்பு. பாவம், கடலை தானாக நிறம் மாறிவிட்டது போலிருக்கிறது.

சாருலதாவும் அவளைத்தான் பார்த்தாள். "நீங்களாக்கா? பரவால்ல. வந்ததுலேர்ந்தே உங்களுக்கு என்னப் புடிக்கலன்னு தெரியும்."

சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு பழியைச் சுமந்தால் வீடு மிஞ்சும், சிபாரிசு மிஞ்சும், பிறந்தநாள் கேக்கும் மிஞ்சும். தேஜஸ்வினி இரண்டு வருடமாகச் சும்மா இருந்து பழகியவள்தான். ஆனால் இந்தப் பெண் தன்னை அப்படிப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் கறுப்பு போடல சாரு" என்றாள். "நானும் அதே ஸ்காலர்ஷிப்தான். நாங்களும் காலனிதான்."

முதலில் தேறியவள் வைதேகி. எழுந்து வந்து தேஜஸ்வினியின் தோளில் கை வைத்தாள். "ஏன்டி, இத எங்ககிட்ட மறைக்கணுமா? நாங்க என்ன அப்படிப்பட்டவங்களா? உன்னப் பாத்தா அப்படித் தெரியவே தெரியாதுடி. நீ எங்கள்ல ஒருத்தி."

பாராட்டுத்தான். தேஜஸ்வினி தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு, காலி டப்பாவை மேசை நடுவில் வைத்தாள். வெள்ளை, கறுப்புக் கடலைப் பாக்கெட் இரண்டையும் அதன் பக்கத்தில் நகர்த்தினாள்.

"அப்ப எனக்கு இன்னொரு தடவ ஓட்டுப் போடுங்க."

"என்னடி விளையாட்டு இது? நீதான் ஏற்கெனவே உள்ள வந்தாச்சே."

"அன்னிக்கு நீங்க ஓட்டுப் போட்டது தாசில்தார் பொண்ணுக்கு. எங்கப்பா தாசில்தார் இல்லக்கா. அந்தாளுக்கு ஃபைல் தூக்கறவரு. இப்ப தெரிஞ்சிருச்சில்ல, போடுங்க. யார் என்ன போட்டீங்கன்னு நான் கேக்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர் மாளிகையில் பையன்கள் கோரஸாக ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. ஒரு வெள்ளைக் கடலையை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? வசுந்தரா வைதேகியின் முகத்தைப் பார்த்தாள். வைதேகி பாக்கெட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தாள்.

கடைசியில் வைதேகியின் கை நீண்டது. பாக்கெட் பக்கம் போகவில்லை. மூடியை எடுத்து டப்பாவை மூடியது.

"டென்ஷன்ல இருக்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"காலி டப்பாவ எதுக்குக்கா மூடறீங்க?" என்றாள் தேஜஸ்வினி.

அவள் எழுந்து கூடத்துக்குப் போய், சாருலதாவின் மெத்தையைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டாள்.