வேலிமேல் கம்பளி

நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் வெயில் வருவதே வருஷத்துக்கு ஆறு வாரம். அதிலும் எனக்கு லீவும் வெயிலும் சேர்ந்து அமைந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் படுத்த விரிப்புகளை மடித்து மடித்து இடுப்பு விட்டுப்போகும். அந்த ஒரு நாளுக்காக சூப்பர்வைசரிடம் கெஞ்சி, இன்னொருத்தியின் இரண்டு ஷிப்டை என் தலையில் போட்டுக்கொண்டேன்.

ஆசை பெரிசாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு, புல்லில் வெறுங்காலை வைத்து, எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு குருவிக் கூட்டைப் பார்க்க வேண்டும். செடிவேலிக்குள் கூடு கட்டி நாலு குஞ்சு பொரித்திருந்தது. முட்டையாக இருந்ததிலிருந்தே பாத்திரம் தேய்க்கும்போது சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் தினமும் அதே பேச்சு. என் வீட்டுக்காரர் போனில் வானிலை பார்த்தபடி "ம்" கொட்டுவார்.

ஊரில் கொளுத்துகிற வெயிலை ஒரு நாளும் மதிக்காத மனுஷன். இங்கே வெயிலைக் கண்டால் அவருக்கு நிலைகொள்ளாது, எதையாவது காயப்போட்டாக வேண்டும். "வெயில் சும்மா போகுதே" என்று அடித்துக்கொள்வார்.

பத்து மணிக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். திரும்பி வர பஸ்ஸே இல்லை. பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் மெத்தை தட்டிக்கொண்டிருந்தால் எப்படி வரும்? ஆமாம், அந்தத் தடத்தில் ஓட்டுவது என் வீட்டுக்காரர்தான். அவருக்கும் அன்றைக்கு லீவு. வீடு வந்து சேரும்போது மணி ஒன்று.

தோட்டம் எங்கள் சலவைப் பிரிவு மாதிரி இருந்தது. கொடியில் விரிப்புகள், நாற்காலியில் தலையணைகள், புல்லில் மெத்தை. செடிவேலிமேல் ஈரத்தில் கனத்த இரட்டைக் கம்பளி. மதில்மேல் தாய்க்குருவி வாயில் புழுவோடு கத்திக்கொண்டிருந்தது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பளியை இழுத்துப் புல்லில் தள்ளினேன்.

"என்ன பண்றே? இப்பதான் போட்டேன்."

"இப்பன்னா எப்ப?"

"நீ கடைக்குப் போனதும்."

மூன்று மணி நேரம். "உள்ள கூடு இருக்குங்க. எத்தன நாளா சொல்லிட்டிருக்கேன்?"

"கூடுன்னு சொன்னே. மரத்துலன்னு நினைச்சேன்."

"இங்க மரம் எங்க இருக்கு?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தோட்டத்தில் ஒரு மரம்கூட இல்லை.

"நாலு மணி வரைக்கும்தான் வெயில். காயலன்னா நாறும்" என்றார், குரலை இறக்கி.

"நாறட்டும். எனக்குன்னு ஒரே ஒரு நாள் கேட்டேன். அதையும் கொடியில போட்டுட்டீங்க."

தலையணைகளைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியும் குருவி இறங்கவில்லை. இப்போது அது என்னைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று புரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. எழுந்து, அவரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி அதே ஜன்னல், அதே பாத்திரத் தொட்டி. அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

குருவி விருட்டென்று வேலிக்குள் நுழைந்தது. கம்பளியின் பாரத்தில் கிளைகள் விலகி, கூடு நன்றாகத் தெரிந்தது. சின்னச் சின்ன வாய்கள் திறந்தன.

அவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நாலுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"மூணு வாய்தான் தெரியுது."

அப்படியென்றால் இத்தனை நாளும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் எண்ணிப் பார்த்தேன்.

"அடுத்த வாட்டி வரும்போது பாப்போம்" என்றார்.

குருவி இன்னும் ஐந்து முறை வந்துபோனது. மூன்று வாய்தான். வெளியே நல்ல வெயிலில், கம்பளி சுருண்டபடி ஈரமாகவே கிடந்தது. எடுத்து விரித்துப் போட அவர் போகவில்லை.