நாத்தனார் முடிச்சு

கலைவேந்தன் தாம்பூலத் தட்டோடு வந்தபோது செல்வகுமாரி கணவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, மூத்திரப் பையைக் கட்டிலின் மறுபக்கம் மாற்றி மாட்டி, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துணியை வைத்து முடிக்கும்வரை தம்பி வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்ன பிறகும் நிலைப்படியைத் தாண்டி ஓரடிதான் வைத்தான்.

"உக்காருடா."

"இருக்கட்டும்க்கா. கரியமாணிக்கத்துல வேற பத்திரிகை வைக்கணும்."

தட்டை வாங்கிக்கொண்டாள். கையைத் துடைக்கவில்லை என்பது வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவனும் அந்தக் கையைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், கல்யாணக் களையே காணோம்" என்றான் இளங்கோவன் கட்டிலிலிருந்து. குரல் காற்றாகத்தான் வந்தது. ஈரலில் தொடங்கியது எங்கெங்கோ பரவிவிட்டது. இனி தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் செல்வகுமாரி. அதை யாரும் தனியாகச் சொல்லவில்லை.

தம்பி கிளம்பியபோது கூடவே தெருவரை நடந்தாள். அவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீ ஒண்ணும் அலைய வேணாம். மாமாவ இப்படி வுட்டுட்டு எப்படி வருவ? முடிச்ச ப்ரீத்தி போடட்டும்னு பெரியம்மா சொல்றாங்க."

"பெரியம்மா சொல்றாங்களா, நீ சொல்றியா?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா."

தாலிகட்டில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டியவை. கலைவேந்தனுக்கு இருப்பது இவள் ஒருத்திதான். ப்ரீத்தி பெரியப்பா மகள். அவன் சொல்லாமல் விட்டது இவளுக்குப் புரிந்தது. புருஷன் இன்றோ நாளையோ என்று கிடக்க, அவன் பெண்டாட்டி கை புதுத்தாலியில் படக்கூடாது. வன்மத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறான். அது தெரிந்ததால் சண்டை போடவும் முடியவில்லை. உள்ளுக்குள் எங்கோ, நல்லதாய்ப் போயிற்று என்றுகூட இருந்தது. புடவை எடுத்து வைக்க வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

"சரிடா" என்றாள்.

மறுநாள் தனக்கொடி வந்தாள். அடுத்த தெருக்காரி. மாமியாரை வருஷக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பியவள். அதன் பிறகு இப்படி ஆள் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் நர்ஸோடு போய்வருகிறாள். நர்ஸ் கட்டிலுக்குப் போவார். தனக்கொடி அடுப்படிக்குப் போய், பார்த்துக்கொள்பவள் என்ன சாப்பிட்டிருக்கிறாள் என்று பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். கல்யாணத்தன்று தான் வந்து உட்காருவதாக முன்பே சொல்லியிருந்தாள்.

"நீ வர வேணாங்க்கா. நான் போவல."

"ஏன்டி?"

சொன்னாள். தனக்கொடி கேட்டுவிட்டுப் பாத்திரத்தை மூடினாள்.

"இத்தினி நாளா பீயள்ளின கையி. அதுல இன்னா தோஷத்தக் கண்டாங்களாம்?"

"அவன் பயப்படறான்க்கா."

"பயப்படட்டும். நான் வரேன்னு சொன்னேன், வருவேன். நீ கல்யாணத்துக்குப் போவியோ, கடக்கரையில போயிக் குந்துவியோ, எங்கியாச்சும் போ. அன்னிக்கு இந்த வூட்ல உன்ன நான் பாக்கக் கூடாது."

கட்டில் பக்கம் சத்தம் கேட்டது. இளங்கோவன் சிரிக்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"முகூர்த்தம் எத்தினி மணிக்கி?"

"ஒம்பதுலருந்து பத்தரை."

"போ குமாரி. அது வரிக்கும் நான் எங்கியும் போவல."

"கையெழுத்துப் போட்டுக் குடுப்பியாய்யா?" என்றாள் தனக்கொடி.

"வெரல் வேணா வைக்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். செல்வகுமாரி தோட்டத்துப் பக்கம் போய், கழுவிக் கவிழ்த்திருந்த குண்டானை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

கல்யாணத்தன்று காலை பாகூரில் பஸ் காலியாகத்தான் வந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று தவளக்குப்பம்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். போகலாமா என்று முடிவு செய்திருக்கவில்லை. இறங்கினாள், மண்டபம் எதிரிலேயே இருந்தது, உள்ளே போனாள், அவ்வளவுதான். பெரியம்மா பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பூத்தட்டைச் சரிசெய்தாள். மணவறைக்குப் பின்னால் ப்ரீத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவை புதிது, அடிக்கடி குனிந்து கொசுவத்தைப் பார்த்துக்கொண்டாள். செல்வகுமாரி மேடையின் கடைசிப் படியில் நின்றாள். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அரிசியை எறிய எழுந்தார்கள். தம்பி குனிந்து முதல் முடிச்சைப் போடுவது தெரிந்தது. எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ப்ரீத்தி அவளைக் கண்டதும் பதறி ஒதுங்கினாள்.

கயிற்றைப் பிடித்தாள். கலைவேந்தன் விடவில்லை. பெண்ணின் சடைக்கு அடியில் மஞ்சள் கயிற்றின் நுனிகள் இரண்டு பேர் விரலிலும் இருந்தன. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் சந்தனம் வியர்த்துக் கண்ணுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"வுடுடா" என்றாள். மேளத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

விட்டான். இரண்டு முடிச்சும் போட்டாள். இறுக்கிப் போட்டாள்.

பிறகு சாப்பிடப் போகச் சொன்னார்கள். நாற்காலி கிடைத்தது. யாரோ இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தார்கள். சாம்பாரா, வத்தக்குழம்பா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது.

தூக்கத்துக்கு அடியில் சத்தங்கள் வந்தன. பக்கத்து நாற்காலிகள் இழுபட்டன. அடுத்த பந்திக்காக இவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ, "ஏம்மா... இந்தாம்மா" என்றார்.

"எழுப்பாதீங்க" என்றது தெரிந்த குரல்.

கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கல்யாண மாலையின் வாசம் தலைக்கு மேலே அப்படியே நின்றது. இலைகளை மடித்துக்கொண்டே வந்த சத்தம் அவள் அருகே வந்து நின்றது, தயங்கியது, அவள் இலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போயிற்று.