வாயில் கொடுக்க வேண்டிய எண்ணெய்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான்.

தென்காசியில் எங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பு வரும் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை நல்லெண்ணெயில் கலந்து கொடுத்தோம். மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். நிறம், வாசனை எல்லாம் ஒன்றுதான். எந்தப் பாட்டிலில் எது என்று டாக்டரான எனக்கே தெரியாது. ஆய்வு முடிந்தால்தான் சொல்வார்கள்.

ஆனந்தவள்ளிக்கு ஏழு வயது. வேறு எந்த மருந்துக்கும் அவளுடைய வலிப்பு அடங்கவில்லை. எங்களிடம் வந்து இரண்டு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை.

"எம் பிள்ளைக்கு வெறும் எண்ணெதான் வாய்ச்சிருக்கு டாக்டரம்மா. நாங்க விலகிக்கிடுதோம்" என்றாள் அவள் அம்மா மஞ்சு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பேச்சை மாற்றப் பிள்ளையின் தலையைத் தடவினேன். கையெல்லாம் எண்ணெய்.

"தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறீங்க?"

மஞ்சு கணவனைப் பார்த்தாள். இசக்கிராஜா போலீஸ் ஏட்டு. குற்றாலத்தில் சீசன் டியூட்டி. மஞ்சு விடியும் முன்பே மில்லுக்குக் கிளம்பிவிடுவதால் மருந்து அவர் பொறுப்பு.

"நீங்க தந்த எண்ணெதான்" என்றார். "உச்சியில வச்சுத் தேய்ச்சு, பழைய குற்றாலத்துல குளிப்பாட்டிக் கூட்டிட்டு வருதேன்."

பாட்டில் சரியாகக் காலியாகி வந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை. எங்கள் ஆராய்ச்சி முழுக்க அருவியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

"வாயில கொடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கோவப்படாதீங்க. மூளையில உள்ள சீக்குக்கு உச்சியில வச்சாலும் கேக்கும்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "கஞ்சா டாக்டரம்மா அது. எத்தனை பயலுவளைப் பிடிச்சு உள்ள தள்ளியிருக்கேன். எம் பிள்ளை வாயில எங்கையாலயே எப்படி ஊத்துவேன்?"

போதை தருவது அந்தச் செடியில் உள்ள வேறொரு பொருள், இது இல்லை என்று விளக்கினேன். நம் உடம்பே கிட்டத்தட்ட இதே ஜாதிப் பொருள்களைச் சுரந்து நரம்புகளின் படபடப்பை அடக்கிக்கொள்கிறது என்றும் சொன்னேன்.

மஞ்சுவுக்கு வேறு ஒன்று உறைத்திருந்தது.

"அப்போ எம் பிள்ளை அந்த மருந்தை இன்னும் குடிக்கவே இல்லியா டாக்டரம்மா?" கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். திட்ட வாயெடுத்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை மறைக்காமல் ஆய்வுக் குழுவுக்கு எழுதினேன். பிள்ளையை நீக்கிவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. முதல் வேளையை என் கண்முன்னால் வாயில் கொடுக்க வேண்டும், அவள் தொடரலாம் என்று பதில் வந்தது.

மறுவாரம் இசக்கிராஜா யூனிஃபார்மிலேயே வந்தார். ஆனந்தவள்ளி வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசையைத் தின்று முடித்து, "ஆ" என்று வாயைத் திறந்து காத்திருந்தாள். அவர் மருந்தை அளந்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மூட்டைக்குள் இருந்தாலும் கஞ்சாவைக் கண்டுபிடித்துவிடுகிற மூக்கு. ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுல மருந்து இருக்கா, வெறும் எண்ணெயா?"

"எனக்கும் தெரியாது ஏட்டய்யா."

பிள்ளை வாயில் மெல்லச் செலுத்தினார். அவள் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பண்பொழி முருகன் கோயில் மலை இருக்கும் திசையில் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"திருமலைக் குமரா, இது கஞ்சாவா இருக்கணும்யா."