பொன்னுமணியின் பொடி

ஹபீப் ரஹ்மானின் கண்ணில் மண்ணைத் தூவ ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று போடி ஏலக்காய் வியாபாரிகள் சொல்வார்கள். ஏல மையத்தில் சாம்பிள் காயைக் கையில் வாங்கினால், நசுக்கி, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்க்காமல் விலை கேட்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், செல்போனில் எவனோ உளறியதைக் கேட்டுவிட்டு, பெண்டாட்டி மெஹ்ராஜை வாடகை ஜீப்பில் ஏற்றி மலைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார். மெஹ்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று மதுரையில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆரம்பநிலைதான், மார்பை எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. திங்கட்கிழமை ஆபரேஷன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஹபீப் ரஹ்மான் ஒற்றைக்காலில் நின்றார். "ஒரே ஒரு தடவ வந்து பாரு. அப்புறம் ஒன் இஷ்டம்" என்று அவர் கெஞ்சியதால்தான் வந்தாள்.

வைத்தியர் பொன்னுமணி கொஞ்ச காலம் முன்புவரை ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து விற்றவர். பூச்சி சாகவில்லை என்று தோட்டக்காரர்கள் சண்டைக்கு வந்ததும், கடையை மூடிவிட்டு மனுஷர்களுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இதில் அந்தத் தொந்தரவு இல்லை. செத்தவன் சண்டைக்கு வரமாட்டான் பாருங்கள். சரிவில் ஒரு தகரக் கொட்டகை, அதன் சுவர் முழுக்கக் குணமானவர்களின் போட்டோ.

"வாங்க பாய். தாயி, ஒண்ணும் பயப்படாத. நம்ம பொடி கட்டியக் கரைச்சிரும்."

"இவங்கள்லாம் பொழச்சவங்களா?" என்று மெஹ்ராஜ் சுவரைக் காட்டினாள்.

"அத்தன பேரும்."

"செத்தவங்க போட்டோவ எங்க மாட்டிருக்கீங்க?"

"இங்க வந்து யாரும் சாகல தாயி."

"ஆமா. வீட்டுக்குப் போயித்தான் செத்துருப்பாங்க."

ஹபீப் ரஹ்மான் அவளை முழங்கையால் இடித்தார். பொன்னுமணி கொஞ்சமும் அசரவில்லை. சந்தேகப்பட்டால் மருந்து வேலை செய்யாது என்று ஒரு போடு போட்டார். பலிக்காவிட்டால் பழியை நோயாளி தலையில் கட்ட அந்த ஒரு வாக்கியம் போதும். பிறகு ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

ஹபீப் ரஹ்மானின் கை சும்மா இருக்குமா? பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை மெஹ்ராஜ் பார்த்தாள். மறுநொடி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நல்ல மருந்து" என்றார்.

ஜீப் பக்கத்தில் வந்ததும் மறித்தாள். "மச்சான், என்ன அது?"

"மருந்துதான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"ஏலக்காத் தோலு" என்றார் மெதுவாக. "பழசு. மக்குன வாட அடிக்குது."

"தெரிஞ்சேவா வாங்குனீங்க?"

"தோல்லயும் ஏதாச்சும் சத்து இருக்கும்ல."

"ஒங்க கடைக்கு இத வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"கடைக்கு ஆகாதது என் உசுருக்கு ஆகுமா?"

அவர் அவளுடைய மார்பைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். "அறுத்துட்டா, நீ பழைய மாதிரி இருக்கமாட்டியே மெஹ்ராஜ்."

கத்தி பட்டால் பரவும் என்ற கதையெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடா குடும்பம் நடத்தினோம் என்று சீ என்றாகிவிட்டது.

"கபர் குழிக்குள்ள வச்சா மட்டும் பழைய மாதிரி இருப்பேனா?"

 மெஹ்ராஜ் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வெரசா எடுங்கண்ணே. பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுங்க, நான் மதுரைக்குப் போகணும்" என்று டிரைவரிடம் சொன்னாள்.

ஹபீப் ரஹ்மான் பின்னால் ஏறிக்கொண்டார். மலை இறங்கும்வரை பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். அதைத் தூக்கி வெளியே எறிய அவருக்கு மனசு வரவில்லை.