வண்டி போன பழைய வீடு

1
இந்தக் கதை ஒரு திறப்பு விழாவில் கிடைத்தது. பழைய தீயணைப்பு நிலையத்தைப் பொதுக்கூடமாக்கியிருந்தார்கள். வண்டிகள் நின்ற இடத்தில் நூலகம், மாடியில் தையல் வகுப்பு. [“அந்தச் சிவப்புக் கதவுகள் திறந்தபோது காலமே” — வேண்டாம், கதவு கதவாகவே இருக்கட்டும்.]

2
நாயகர் அங்கே தொலைபேசி எடுத்தவர். பெற்ற தாயே கூப்பிட்டாலும் விலாசத்தைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, அப்புறம்தான் மணியடிக்க வேண்டும் என்பது விதி. இருபது வருடம் மீறவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு மதியம் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, வீடு எரியுது. அவர் உள்ள இருக்காரு.”

“இதோ அனுப்பறேம்மா.”

வைத்துவிட்டார். தங்கை வீடு தெரியாதா என்ன?

தெரியாது. போன மாதம்தான் அவள் வீடு மாறியிருந்தாள். பேச்சுவார்த்தை இல்லாததால் சொல்லவில்லை. (சண்டை எதற்கு? இரவல் போன ஓர் ஏணிக்கு.) வண்டி பழைய வீட்டு வாசலில் போய் நின்றது. சரியான தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கணவர் உயிரோடு இல்லை.

3
‘நாயகர்’ என்பதெல்லாம் பம்மாத்து. அவர் என் அப்பா. மாடியில் தையல் சொல்லித்தருவது அத்தை. விழாவன்று அப்பா நாலு படி ஏறினார், இறங்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை.

“மேல போய்ப் பேசுங்கப்பா.”

“என்னன்னு பேச? நீதான் கதை எழுதறியே, நீயே எழுதேன்.”

4
எழுதினேன். முதல் முடிவில் அத்தை இறங்கி வந்து, “விடுண்ணா” என்றாள். இரண்டாவதில் இருவரும் அழுதார்கள். மூன்றாவதில் அப்பா விலாசம் கேட்டார், வண்டி நேரே போனது, மாமா [இதற்கு மேல் கை வரவில்லை.]

முதல் முடிவை அத்தையிடம் படித்துக் காட்டினேன். துணியை மடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மன்னிச்சதை மட்டும் எழுதியிருக்கே. உங்கப்பா ஒரு வார்த்தை கேட்டதா எழுதலையே.”

நான் தாளைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

“பதினோரு வருஷம் ஆச்சு. நீயும் இன்னைக்குத்தான் வர்றே, கதையைத் தூக்கிட்டு.”

5
ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் அப்பா அதையே சாக்காக வைத்துக்கொள்வார். வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். அத்தை இந்தப் படிகளில்தான் இறங்கியாக வேண்டும். அப்பாவுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கத் தோன்றும் உங்களுக்கு, தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவர் பக்கத்து நாற்காலியில் நானும் இருக்கிறேன். அத்தையிடம் நான் சொல்ல வேண்டியதையே இன்னும் எழுதவில்லை.