தார் பூசிய முனை

எடைமேடைக்காரன் வீட்டுச் சமையலறையில் முதல் வேலிக்கால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முளைத்தது. அடுப்புக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவே, தரை ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு சரியாக இரண்டடி எழுந்து நின்றது. மண்ணுக்குள் போகிற முனையில் கரையானுக்காகத் தார் பூசுவது வழக்கம். இதில் அந்த முனை மேலே இருந்தது. அவன் மனைவி அதில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். தார் இன்னும் காயவில்லை. ஊரில் அவ்வளவு கெட்டியாகத் தார் பூசுகிற கை ஒன்றுதான் உண்டு என்பதால் நேரே பக்கத்து மனைக்குப் போனாள்.

"அண்ணி, இது உங்க தாருதானே?"

வேலிக்காரி அவளுடைய விரலைப் பார்த்தாள், தான் அப்போதுதான் இரண்டடி ஆழத்தில் நட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய காலைப் பார்த்தாள், பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் வேலி போடுவதையே தொழிலாகக் கொண்டவள். லாரிகளுக்கு எடை போடும் எடைமேடைக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. லாரியிலிருந்து மரம் சரிந்து கால் முறிந்து, அவள் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தபோது, இரண்டு மனைக்கும் நடுவே அவள் கையாலேயே போட்டிருந்த வேலியை அவன் பிடுங்கி, நாலடி அவள் மனைக்குள் தள்ளி நட்டுக்கொண்டான். நாலடி மண்ணை அவள் விட்டுத் தொலைத்திருப்பாள். ஆனால் ஒன்பது நாள் மட்டுமே உயிரோடிருந்த அவளுடைய பெண் குழந்தை அந்த நாலடிக்குள்தான் கிடந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் குழியை வெட்டியதும் இதே தம்பிதான், அதனால் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்ல வழியில்லை. அவள் ஊன்றுகோலோடு வீடு திரும்பிய அன்று அந்த இடத்தில் கோழிக்கூண்டு இருந்தது. எட்டுக் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மிச்சமிருக்கும் மண்ணையாவது காப்போம் என்று மறுநாளே நூல் கட்டிக் குழி தோண்ட ஆரம்பித்தாள்.

இங்கே இறங்கிய ஆழம் அங்கே உயரமாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு அவளுக்குக் கால்வலியே மறந்துபோனது. இரண்டடிக் குழிகளை இரண்டரை அடியாக்கினாள். இரண்டாவது கால் குளியலறையில் முளைத்தது, மூன்றாவது பீரோ கதவைத் திறக்கவிடாமல் நின்றது. எடைமேடைக்காரன் ரம்பத்தால் அறுத்தான். ரம்பத்தைக் கீழே வைப்பதற்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அவன் மனைவிக்கும் அவனோடு தீர்க்காத கணக்குகள் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் துணி உலர்த்துகிற சாக்கில் வேலியோரம் வந்து, "ஒரு சாண் மேக்க தள்ளிப் போடுங்க அண்ணி, டிவிக்கு முன்னால வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே வந்தது.

பதினேழாவது கால் வாசற்படியை மறித்த அன்று அவன் கூண்டைப் பிரித்தான், கோழிகளை விற்றான், தள்ளி நட்ட வேலியையும் தானே பிடுங்கிவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, உன் நாலடிய நீயே எடுத்துக்கோ. அதுங்கள மட்டும் புடுங்கிரு."

"சரிடா, புடுங்கிர்றேன்."

சொன்னபடி ஒரே வாரத்தில் பதினேழையும் பிடுங்கினாள். அவன் வீட்டுத் தரை ஒன்றுமே நடக்காததுபோல் மூடிக்கொண்டது. பழைய எல்லையில் அவள் மறுபடி வேலி போட்டபோது எங்கும் எதுவும் முளைக்கவில்லை. அவன் நிம்மதியாகக் கறிவேப்பிலைகூட ஒதுக்காமல் இரண்டு நாள் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் அவள் கோழி கிளறிய மண்ணைக் கையால் சமன்செய்து, குழந்தையின் இடத்தைச் சுற்றி நாலு மூலையில் நாலு கால் நட்டாள். நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி. அவ்வளவு சின்ன இடத்துக்கு ஓரடிக் குழியே தாராளம். அவள் மூன்றடி தோண்டினாள், யாரை நினைத்துத் தோண்டுகிறோம் என்று நன்றாகத் தெரிந்தே தோண்டினாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்திருந்த எடைமேடைக்காரனைச் சுற்றி, மெத்தையைத் துளைத்துக்கொண்டு, அதே இரண்டரைக்கு ஒன்றரை அடி அளவில் நாலும் எழுந்தன. தலைமாட்டில் இரண்டு, மடங்கிப்போன முழங்காலருகே இரண்டு. எழுந்து கூடத்தில் போய்ப் படுத்தான், அங்கே வந்தன. மாமனார் வீட்டுக்கு ஓடினான், அங்கேயும் வந்தன. திரும்பி வந்து அக்காவின் காலைப் பிடித்தான்.

"அது எம் பொண்ணுக்குப் போட்ட வேலிடா," என்றாள் அவள். "அத எப்படிப் புடுங்கறது?"

அவன் ஆறடி ஆள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கட்டைவிரல் வாயருகே வர, சுருண்டு படுக்கப் பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆனது. மழைக்காலம் தொடங்கியதும் அவன் மனைவி அந்த நாலு கால்களிலும் கொசுவலையைக் கட்டினாள்.